காயம் ஆறிய பின்னும் உறங்காத பிள்ளைகள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எமக்கு முதலில் குறித்தளித்த தலைப்பு, தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்தும் வழிகள் என்பதாகும். அதனை மாற்றித் தருமாறு யாம் வேண்டிக்கொண்டோம். தேர்ச்சியைப் பற்றிப் பேச இம்மேடையில் எம்மினும் தக்கார் பலர் உளர். தேர்வு மண்டபம் வரை வந்து சேராமலே நின்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசவே யாம் விரும்பினோம். அவர்களுள்ளும் ஒரு சாராரைப் பற்றியதே இவ்வுரை. கடுங்காயம் பட்டு, மருத்துவமனையில் கிடந்து, உயிர் பிழைத்து, காயம் ஆறிப் பள்ளிக்குத் திரும்பி, அதன் பின்னர் உறக்கத்தையும் மன அமைதியையும் இழந்த பிள்ளைகள் அவர்கள்.

நம் ஆரணியில் பிள்ளைகட்குக் காயம் நேரும் வழிகளை உங்கட்கு யாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பட்டு நூலின் பசை நீங்கச் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்கவைக்கும் அண்டா, சாயத் தொட்டி, வீட்டின் கூடம் முழுவதையும் பிடித்துக்கொண்ட தறி, அதனை ஒட்டியே எரியும் அடுப்பு, வேலூர்ச் சாலையிலும் ஆற்காட்டுச் சாலையிலும் விரையும் லாரிகள். இவற்றோடு நெல் அவிக்கும் ஆலைகளின் பின்புறம் குவியும் உமிச்சாம்பல். அச்சாம்பல் மேலே வெளுத்துக் குளிர்ந்திருக்கும். உள்ளே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் உவமையாகச் சொல்வதனை நம்மூர்ப் பிள்ளைகளுள் சிலர் காலால் அறிந்திருக்கின்றனர்.

அத்தகைய ஒரு பிள்ளையை யாம் 2002ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பில் கண்டோம். அப்போது யாம் பட்டதாரி ஆசிரியர். அவன் தந்தை கூலிக்குத் தறி நெய்பவர். பந்து எடுக்கச் சென்ற இடத்தில் சாம்பற் குவியலில் இரு கால்களும் முழங்கால் வரை புதைந்தன. பல வாரம் மருத்துவமனையில் கிடந்து, நான்கு திங்கள் கழித்துப் பள்ளிக்கு வந்தான். முன்பெல்லாம் முதல் வரிசையில் அமர்ந்து, கணக்கை எல்லார்க்கும் முன் முடித்துக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, திரும்பி வந்தபின் இரண்டாம் பாடவேளைக்குள் தலை சாய்ந்து உறங்கினான். தட்டி எழுப்பினால் சீறினான். நண்பனின் எழுதுபலகையை முறித்தான். சத்துணவுக் கூடத்தில் அடுப்பு மூட்டும் நேரம் ஆனால் கேளாமலே எழுந்து வெளியே ஓடினான். உணவுக்கு முந்திக்கொள்ளும் அவசரம் என்று யாம் எண்ணினோம். உணவு வரிசைக்கு நேர் எதிர்த் திசையில், வாயிற் கதவை நோக்கி ஓடினான் என்பதைக்கூட யாம் கவனித்தோமில்லை.

ஒருநாள் விளையாட்டு வேளையில் நீளம் தாண்டும் மணற்குழியில் இறங்க மறுத்து நின்றான். இறங்கச் சொன்ன ஆசிரியரை ஏசினான். அவனை எம்மிடம் அழைத்து வந்தனர். வகுப்பில் உறக்கம், முரட்டுத்தனம், இப்போது பணியாமை என்று எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிட்டு, அம்மணலிலேயே அவனை முழந்தாளிடச் செய்தோம். அவன் அலறிய அலறலில் பள்ளி முழுவதும் வெளியே வந்தது. கால்சட்டை நனைந்தது. பிள்ளைகள் சிரித்தனர். அவர்களை அடக்கவும் தோன்றாமல் யாம் நின்றோம்.

பிள்ளைகளை உடலாலும் மனத்தாலும் வருத்துதலைத் தடை செய்யும் கட்டாயக் கல்விச் சட்டம் 2009ஆம் ஆண்டில்தான் வந்தது. அது வராத காலம் என்று யாம் சாக்குச் சொல்லவில்லை. அவன் கால்களின் தழும்பைக் காண எமக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

மறுநாட் காலை அவனுடைய ஆயா பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றே எண்ணினோம். அவர் நாற்காலியில் அமரவும் இசையவில்லை; நின்றபடியே சொன்னார்: "புள்ள ராவுல தூங்கறதே கெடையாதுங்க ஐயா. கண்ணு அசந்தா போதும், காலு உள்ள போவுது, காலு உள்ள போவுதுன்னு கத்திக்கினு எழுந்துக்கறான். விடியற நேரத்துலதான் கண்ண மூடறான். அதுக்குள்ள பள்ளிக்கூட நேரம் வந்துடுது." எம் பி.ஏ.வும் பி.எட்.டும் நான்கு திங்களாகக் கண்டறியாததனை அந்த மூதாட்டி நான்கு வாக்கியத்தில் உணர்த்தினார்.

அதன் பின்னர் யாம் படித்தும் மருத்துவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே கூறுகிறோம்.

கடுங்காயம் பட்ட பிள்ளையின் உறக்கம் கெடுவதற்குக் காரணம் ஒன்றன்று. வெந்த தோல் ஆறும் காலத்தில் உண்டாகும் அரிப்பு பகலைவிட இரவில் மிகுந்து தோன்றும். எலும்பு முறிந்த பிள்ளைக்குப் புரண்டு படுக்க இயலாது. மருத்துவமனைக் கூடத்தில் இரவெல்லாம் விளக்கெரியும். பக்கத்துக் கட்டிலில் அழுகை கேட்கும். உறங்கும் பழக்கமே மாறிவிடும். தலையில் அடிபட்டிருந்தால் மூளைக்கு நேர்ந்த அதிர்ச்சியே உறக்கத்தின் ஒழுங்கைக் குலைக்கும்; தலைவலி, வாந்தி, மறதி சேர்ந்திருப்பின் மருத்துவரிடம் உடனே காட்டியாக வேண்டும். இவை உடலின் காரணங்கள். மனத்தின் காரணம் வேறு. களவு போன ஊரின் தலையாரி மறுநாளிலிருந்து காற்று அசைந்தாலும் விழித்துக்கொள்வதுபோல, பேராபத்தைக் கண்ட பிள்ளையின் மூளை, ஆபத்து நீங்கிய பின்னும் காவலை விடுவதில்லை. உறங்குவதென்பது காவலை விடுவது. ஆதலின் அது உறங்க அஞ்சுகிறது. உறங்கினாலோ நிகழ்ந்ததே மீண்டும் கனவாக வருகிறது.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்ம வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பர். இதில் பாதி பறிபோனால் பெரியவர்கள் சோர்ந்து கிடப்பர். பிள்ளைகளோ பல சமயம் துள்ளுவர், எரிந்து விழுவர், ஓரிடத்தில் நில்லார். இதனை வால்தனம் என்று பதிவேட்டில் எழுதி வைப்பது ஆசிரியராகிய எங்கள் வழக்கம். சிறு குழந்தைகள் விட்டொழித்த பழக்கங்களுக்குத் திரும்புவதுண்டு. பாயை நனைக்கும், விரல் சூப்பும், தாயின் முந்தானையை விடாது. விபத்தையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப விளையாடும். இதனைக் கண்டு பெற்றோர் அடிப்பதும் உண்டு. நடந்ததை உள்ளத்தில் செரிக்கப் பிள்ளை செய்யும் முயற்சி அது.

இத்துன்பத்திற்கு 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க உளநோய் மருத்துவர்கள் தம் நோய்ப் பட்டியலில் தனியிடம் அளித்தனர். ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகட்கென்று தனி இலக்கணம் வகுக்க 2013 வரை ஆயிற்று. தமிழில் இதற்கு நல்லதொரு சொல் உண்டு. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தமிழிலேயே எழுதிய நூலின் பெயர் 'மனவடு' என்பதாகும். குண்டுவீச்சுக்கிடையே வாழ்ந்த பிள்ளைகளைக் கண்ட அம்மண்ணின் மருத்துவர்கள், ஊருக்கொரு மனநல மருத்துவர் கிடைக்கப்போவதில்லை என்பதை உணர்ந்து, பள்ளி ஆசிரியர்கட்கே பயிற்சி அளித்தனர். நமக்கும் பொருந்தும் வழி அதுவே என்பது எம் துணிபு.

கும்பகோணத்தை நாம் மறந்திருக்க இயலாது. 2004 சூலை 16ஆம் நாள், காசிராமன் தெருப் பள்ளியில் சமையற்கூடத்து நெருப்பு கூரையைப் பற்றி, 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னர்த் தமிழகமெங்கும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. விசாரணை ஆணையம் அமைந்தது. 2014 சூலையில் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆணைகள் எல்லாம் கட்டடத்தைப் பற்றியனவாகவே எமக்கு வந்து சேர்ந்தன. கூரை எதனால் வேயப்பட்டது, வாயில் எத்தனை அடி அகலம் என்று அளந்து அனுப்பினோம். வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்று தீயினின்று தப்பிய பிள்ளை எப்படி உறங்குகிறது என்று கேட்கும் படிவம் ஒன்றும் எம் மேசைக்கு வந்ததாக நினைவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் நம் கடலோர மாவட்டங்கட்கு வந்து, தொண்டர்கட்கும் ஆசிரியர்கட்கும் பிள்ளைகளின் மனத்துயரைக் கேட்டறியும் முறையைக் கற்பித்தனர். அப்பயிற்சி கடற்கரையோடு நின்றுவிட்டது. அலை வராத ஊரில் அடிபட்ட பிள்ளைகள் இல்லையா என்ன?

கவனியாது விட்டால் எத்துணைக் காலம் இது நீடிக்கும் என்பதற்கு வேல்சு நாட்டு அபர்பான் என்னும் சுரங்கச் சிற்றூர் சான்று. 1966 அக்டோபர் 21ஆம் நாள் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிமேல் விழுந்து, 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் மாண்டனர். பிழைத்த பிள்ளைகள் தெருவில் விளையாடவும் கூசினர். பிள்ளையை இழந்த பெற்றோர் பார்த்து வருந்துவரே என்று வீட்டுக்குள் அடங்கியிருந்தனர். 33 ஆண்டுகள் கழித்துப் பிழைத்தவர்களுள் 41 பேரை ஆராய்ந்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு ஏதோ ஒரு காலத்தில் இந்நோய் இருந்ததும், நூற்றுக்கு 29 பேர்க்கு அன்றும் அது நீங்காதிருந்ததும் தெரிந்தன. நாற்பது வயது கடந்தும் இரவில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறார்கள் என்று பொருள்.

விபத்தில் பட்ட காயம் ஒருவகை. ஒருவன் வேண்டுமென்றே உண்டாக்கிய காயம் மற்றொரு வகை; அதன் மனவடு மிகுதி என்பது மருத்துவர் கருத்து. இந்த மேடையில் அதனைச் சொல்லாமற் செல்லலாகாது. 2023 ஆகத்து 9ஆம் நாள் இரவு, நாங்குநேரியில் 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவரும் தடுக்க வந்த அவருடைய தங்கையும் சொந்த வீட்டிற்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். சாதியின் பேரால் தாம் பட்ட தொல்லையைப் பள்ளியில் சொன்னதே அவர் செய்த குற்றம். அரசு நீதிபதி கே. சந்துரு அவர்கள் தலைமையில் குழு அமைத்தது. 2024 சூன் 18ஆம் நாள் அறிக்கை அளிக்கப்பட்டது. அதற்கு முன்பே அம்மாணவர் பொதுத்தேர்வு எழுதி 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். நாடே பாராட்டியது. நாமும் இனிப்பு வழங்கினோம். ஆயினும் சற்று எண்ணிப் பாருங்கள். சாம்பலில் கால் புதைந்த பிள்ளைக்குச் சாம்பலை விட்டு விலகியிருந்தால் போதும். உடன் படித்தவனால் வெட்டப்பட்ட பிள்ளை எதை விட்டு விலகியிருக்கும்? பள்ளியையா, தெருவையா, கதவைத் தட்டும் ஓசையையா? மதிப்பெண் வந்துவிட்டது, ஆகவே தேறிவிட்டான் என்று முடிவு கட்டிவிடுதல் கூடாது. நன்கு படித்துக்கொண்டே இரவில் உறங்காதிருக்கும் பிள்ளைகளும் உளர். அவர்கள் தொல்லை தராதவர்கள் ஆதலின் நம் கண்ணில் படுவதில்லை.

இனி, செய்ய வேண்டியவை. இதில் யாம் வல்லுநர் அல்லோம், தவறிக் கற்றவர்.

முதலாவது மருத்துவமனையிலேயே தொடங்குகிறது. தீக்காயம் பட்ட பிள்ளைகட்குத் தொடக்க நாட்களிலேயே வலி நன்கு அடக்கப்பட்டால் பின்னர் மனவடு குறைகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் 2001இல் எழுதினர். நம் தாய்மார்க்கு வெள்ளை உடையைக் கண்டால் நா எழுவதில்லை. பிள்ளை வலியில் துடிக்கிறது, மருந்து கொடுங்கள் என்று கேட்பது தாயின் உரிமை. ஆண்பிள்ளை அழலாமா என்று பிள்ளையை அடக்குவதைக் காட்டிலும் செவிலியரைப் போய்க் கேட்பது நன்று. சாலை விபத்திற்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தால் அரசே ஏற்கிறது. பெரும் உதவி அது. மனத்தின் காயமோ பெரும்பாலும் அந்த 48 மணி கழிந்து, வீட்டிற்கு வந்த பின்னரே முகங்காட்டும்.

வீட்டில் பிள்ளையைத் தனியே படுக்க வைத்து வீரம் பழக்க வேண்டா. சில திங்கள் தாயோ ஆயாவோ பக்கத்தில் படுக்கட்டும். சிறு விளக்கு எரியட்டும். படுக்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். அடுப்பில் வெந்த பிள்ளையின் பாயை அடுப்பருகே விரிக்காதிருங்கள். ஓரறை வீட்டில் இது எளிதன்று என்பதை அறிவோம், தறியை நகர்த்த இயலாது, பாயை நகர்த்தலாம். "நீ ஏன் அங்கே போனாய்" என்னும் கேள்வியை மட்டும் யாரும் கேட்க வேண்டா. அதனைப் பிள்ளை தன்னைத் தானே ஆயிரம் முறை கேட்டுக்கொண்டிருக்கிறது. பேச வந்தால் கேளுங்கள், பேசாவிடில் தோண்டாதீர்கள்.

முடிகயிறு கட்டுவதையும் வேப்பிலையால் நீவுவதையும் யாம் இகழ மாட்டோம். ஆயாவின் கை தலையில் படுவதே பாதி மருந்து. ஆனால் பேய் பிடித்ததென்று உடுக்கை அடித்து, தீயில் வெந்த பிள்ளையின் முகத்தில் புகை போடுவதை இவ்வூரிலேயே கண்டிருக்கிறோம். அக்கொடுமையைத் தடுக்க வேண்டியவர்கள் நாமே.

கனவைப் பற்றி ஒரு செய்தி. எம் மாணவனின் ஆயா ஒரு வழி கண்டுபிடித்தார். பகலில் அவனை மடியில் இருத்தி, "கனாவுல என்னையும் கூட்டிக்கினு போடா. நான் கோலால குத்திப் பாத்துச் சொல்றேன், அப்புறம் காலை வை" என்றார். நாள்தோறும் இருவரும் பகலிலேயே அந்தக் கனவைச் சொல்லிச் சொல்லிப் பழகினர். சில வாரங்களில் அலறல் குறைந்தது. கொடுங்கனவின் முடிவைப் பகலில் மாற்றிச் சொல்லிப் பழக்கும் முறையை மருத்துவர்களும் கையாள்கின்றனர் என்பதை யாம் பன்னெடுநாள் கழித்துப் படித்தோம். அந்த மூதாட்டி எழுதப் படிக்க அறியாதவர்.

பள்ளியில் நாங்கள் செய்யக்கூடியது அதிகம். அப்பிள்ளையை வாயிலருகே அமர்த்தலாம். முதற் பாடவேளையில் ஆசிரியர் அறைப் பலகையில் உறங்க விடலாம். ஒரு பாடம் போனால் போகட்டும். தழும்பைக் காட்டு என்று எவரும் கேளாதவாறும், பட்டப்பெயர் இடாதவாறும் வகுப்பைப் பழக்க வேண்டும். எம் மாணவனுக்கு 'சாம்பல்' என்று பெயர் வைத்தனர். மணற்குழி நிகழ்ச்சிக்குப் பின்னரே அப்பெயர் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிக் காப்பாளர்கட்கும் ஒரு வேண்டுகோள். ஒரே கூடத்தில் ஐம்பது பேர் படுக்குமிடத்தில் நள்ளிரவில் அலறும் பிள்ளையும் பாயை நனைக்கும் பிள்ளையும் மறுநாள் கேலிக்கு ஆளாகி, அடுத்த வாரம் ஊருக்குப் போய், திரும்புவதேயில்லை. வருகைப் பதிவேட்டில் அதற்குக் காரணம் எழுதும் கட்டம் இல்லை.

பெரும்பாலான பிள்ளைகட்கு இத்துன்பம் சில வாரங்களில் தானே தணியும். ஒரு திங்களுக்கு மேலும் தணியாவிட்டால், அல்லது பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் உளர். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது; கட்டணமில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பிள்ளைகட்கென மனநலப் பிரிவு உண்டு. மனநல மருத்துவரிடம் காட்டினால் பைத்தியம் என்பார்களே என்று அஞ்சும் பெற்றோரிடம், காலுக்கு எத்தனை முறை கட்டு மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

அந்த மாணவன் யாதானான் என்று நீங்கள் எண்ணக்கூடும். இரவின் அலறல் குறைந்தது; எம்மோடு பேசவும் தொடங்கினான். "மேல சில்லுன்னுதான் சார் இருந்தது" என்று ஒருநாள் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். மணலிலும் கோலப்பொடியிலும் போகிச் சாம்பலிலும் அவன் ஏன் கால் வைக்க மறுத்தான் என்பது அப்போது விளங்கியது. எனினும் இழந்த ஆண்டை ஈடுகட்ட இயலாமல், பெயர் சொல்லி அழைப்பார் இல்லாமல், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இன்று தறி நெய்கிறார். அவருடைய மகள் எம் பள்ளியில் படிக்கிறாள். இவ்வுரையில் இதனைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டோம். பெயர் மட்டும் வேண்டா என்றார்.

சங்கத்திற்கு எம் வேண்டுகோள் ஒன்று. வெள்ளி விழா நிதியில் பெரும்பகுதி கட்டடத்திற்கும் உதவித்தொகைக்கும் செல்கிறது, செல்லட்டும். செலவில்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் தெருக்களில் எப்பிள்ளை கடுங்காயம் பட்டு மருத்துவமனையினின்று வீடு திரும்பினாலும், முதல் திங்களுக்குள் இருமுறை சங்கத்தார் இருவர் அவ்வீட்டிற்குச் செல்ல வேண்டும். அவ்விருவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம். பழம் வாங்கிச் செல்வதோடு, பிள்ளை எப்படி உறங்குகிறது என்று கேட்க வேண்டும். கேட்டதைப் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் வந்து சொல்ல வேண்டும். இதற்கொரு பெயர்ப்பட்டியலை இன்றே தொடங்குமாறும், அதில் முதலாவதாக எம் பெயரை எழுதிக்கொள்ளுமாறும் செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.